முந்தி வந்த விமானத் தபால்

பெருமாயியின் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுதாகத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. மலை மேல் எடப்புளி நாட்டில் இன்றைக்கு, பத்து வருஷம் கழித்துப் போய்க் கேட்டாலும், "அது ஏரோப்ளேன் பண்ணின குளறுபடி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்புவார்கள். ஏரோப்ளேன் ஒரு குளறுபடியும் பண்ணவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிற்று. பண்ணினதெல்லாம் தரையில் நடக்கிற நாங்கள்.

என் பெயர் வெங்கிடுசாமி. காரவள்ளி அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்த நிலம் உண்டு. எட்டாவது தேறி, வாத்தியார் பயிற்சியும் முடித்த திமிரோடு 1935இல் செம்மேட்டுக்கு ஒற்றை வாத்தியாராக மலையேறினேன். பள்ளிக்கூடம் என்பது ஒரு கூரைக் கொட்டகை. அதன் மூலையில் ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு பூட்டுப் பெட்டி. அதுதான் தபாலாபீஸ். அதற்கும் நான்தான் அதிகாரி. கடிதம் வந்தால் கொடுப்பதோடு வேலை முடியாது, வாசித்தும் சொல்ல வேண்டும். மலையில் அப்போது எழுத்துத் தெரிந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். நான் வாயைத் திறந்தால் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பெருமாயிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. அவள் பிறந்ததும் செம்மேட்டை அடுத்த எடப்புளி நாடு, கட்டிக்கொண்டு போனதும் எடப்புளி நாடு. ஓர் ஓடையைத் தாண்டியதுதான் அவள் புக்ககம் போன தூரம். புருஷன் சென்றாயன். பிள்ளை இல்லை. ஊர் அதைச் சும்மா விடுமா? அவளைக் கண்டால் பேச்சை நிறுத்துவது, விதைப்பு நாளில் முதல் விதை எடுத்துக் கொடுக்க அவளைக் கூப்பிடாமல் விடுவது என்று எல்லாம் நடந்தது. அந்த எரிச்சல் தாங்காமல்தான் சென்றாயன் 1934இல் கீழ்நாட்டுக் கங்காணி ஒருவனோடு சிங்கப்பூருக்குக் கப்பலேறினான். போனவனுக்கு என்ன வேலை தெரியுமா? கடலோரச் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கும் வேலை. விமானம் இறங்குவதற்காக இடம் தயார் செய்துகொண்டிருந்தார்களாம்.

அவன் போன பிறகு சாமையும் கேழ்வரகும் அவள் ஒருத்தியே விதைத்தாள், ஒருத்தியே அறுத்தாள். மிளகு பறித்துக் கூடையில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு அடிவாரம் வரை இறங்குவாள். மழையில் வழுக்கும் அந்தச் செங்குத்துக் குறுக்குத்தடத்தில் ஆண்களே மூச்சு வாங்க நின்றுவிடுவார்கள், அவள் நிற்க மாட்டாள். கொழுந்தன் காளியண்ணன் என்று ஒருவன் இருந்தான். அண்ணனுடைய நிலத்தை அண்ணி உழைத்துப் பச்சையாக வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததைத் தவிர அவன் வேறு வேலை செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

1936 நவம்பர் இருபத்தாறாம் தேதி தபால் ரன்னர் அர்த்தனாரி பையை அவிழ்த்தபோது, ஓரத்தில் நீலச் சீட்டு ஒட்டிய ஒரு உறை விழுந்தது. மலைக்கு வந்த முதல் ஆகாயத் தபால். பெயரைப் பார்த்தேன்: பெருமாயி. ஆள் அனுப்பி அவளை வரவழைத்தேன். சும்மா கொடுத்திருக்கலாம். எனக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. கடை வாசலில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துக்கொண்டு உறையைக் கிழித்தேன்.

வழக்கமாக நான் கடிதத்தின் தேதியை வாசிக்க மாட்டேன், நேரே விஷயத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்கு விமானப் பெருமையில் அதையும் சத்தமாக வாசித்தேன். நவம்பர் பதினெட்டு. பிறகு விஷயம். சென்றாயன் சொல்ல, கூட வேலை செய்யும் ராசாமணி என்பவன் எழுதியிருந்தான். விஷக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன், இப்போது தேறி எழுந்து நடமாடுகிறேன், தை மாதம் ஊர் வந்து சேருகிறேன், கவலைப்பட வேண்டாம், சீக்கிரம் கிடைக்க வேண்டுமென்று ஆகாயத் தபாலில் போடுகிறேன். அவ்வளவுதான் கடிதம்.

பெருமாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க வாத்தியாரே, சிங்கப்பூரு எத்தன தூரமுங்க?"

அவ்வளவு போதும் எனக்கு. சிலேட்டை எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு மைல். விமானம் மணிக்கு நூறு மைலுக்கு மேல் பறக்கும். வழியில் பாங்காக்கில் ராத்தங்கி, ரங்கூனில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு, மறுநாள் கல்கத்தா. ஆகாயத்தில் இருந்த நேரத்தை மட்டும் சேர்த்துப் பார்த்தால் பதினேழு பதினெட்டு மணிதான். கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ரயில், அங்கிருந்து சேலத்துக்கு ரயில், பிறகு பஸ், பிறகு அர்த்தனாரியின் கால். ஆக எட்டு நாள். கப்பலில் வருகிற கடிதம் மூன்று வாரமும் ஆகும், நாலு வாரமும் ஆகும். இதையெல்லாம் நானே பறந்து வந்தவன் போலக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கூட்டம் வாய் பிளந்தது. பெருமாயி மட்டும் ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

நாலு நாள் கழித்து, முப்பதாம் தேதி, அதே பேருக்கு இன்னொரு கடிதம் வந்தது. சாதாரண உறை, எங்கெங்கோ ஈரம் பட்டு உப்பியிருந்தது. காளியண்ணன் அன்றைக்குச் செம்மேட்டில் இருந்தான். "எங்க ஊட்டுக் கடுதாசிதானுங்களே, படிங்க" என்றான். அவள் வரட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உடைத்தேன், வாசித்தேன். அதே ராசாமணி கையெழுத்து. சென்றாயனுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது, பேச்சு இல்லை, டாக்டர் கைவிரித்துவிட்டார், இது உங்கள் கைக்குக் கிடைக்கும்போது காரியம் முடிந்திருக்கும், ஊரில் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.

காளியண்ணன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். "தேறுச்சுன்னு எழுதினாங்க, மறுபடி திருப்பிக்கிட்டுதுங்க!" என்று அவனே விளக்கமும் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த நிமிஷம் வரை என் மேல் குற்றமில்லை. நான் அப்படித்தான் நினைத்தேன்.

கடிதத்தை அவன் கொண்டு போனான். உறை மேசை மேல் கிடந்தது. சாயங்காலம் மேசையை ஒதுக்கும்போது அதைத் திருப்பினேன். சிங்கப்பூர் முத்திரை. பளிச்சென்று இருந்தது. நவம்பர் மூன்று.

மூன்றாம் தேதி சாகக் கிடந்தவன் பதினெட்டாம் தேதி எழுந்து நடமாடுகிறான். நல்ல சேதி பறந்து வந்து முந்திக்கொண்டது, கெட்ட சேதி கப்பலில் ஆடி அசைந்து பின்னால் வந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும் கணக்கு. சென்றாயன் உயிரோடு இருக்கிறான்.

உடனே ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. காலையில் போகலாம் என்று நினைத்தேன். காலையில் அர்த்தனாரி வந்து, ஊர்க்கவுண்டர் கந்தப்பக் கவுண்டர் காரியத்துக்கு நாள் குறித்துவிட்டார் என்று சொன்னான். ஒன்பதாம் நாள். உடல் இல்லாததால் சாமை வைக்கோல் தாளில் உருவம் கட்டி எரித்து, அன்றைக்கே பெருமாயியின் தாலியையும் இறக்கிவிடுவது என்று தீர்மானம். அந்த நாட்டு வழக்கம் ஒன்று உண்டு: தாளில் உருவம் கட்டி எரிக்கப்பட்டவன் பிறகு உயிரோடு வந்தாலும் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. வருவது ஆளல்ல, அவன் உருவத்தில் வேறு எதுவோ என்பார்கள். நிலம் பங்காளிக்குப் போய்விடும். பெருமாயி, தை வரைக்குமாவது பொறுங்கள் என்று கவுண்டர் காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறாள். "ரெண்டாயிரம் மைலு காயிதம் பறந்து வந்துச்சாக்கும்!" என்று அவர் சிரித்திருக்கிறார். வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று அவளுக்குக் காவலும் போட்டுவிட்டார்கள்.

அவள் அர்த்தனாரியிடம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னான்.

"'சுத்துத்தடத்துல விடியக் கெளம்புனவனுக்கு முந்தி, குறுக்குத்தடத்துல உச்சிப்பொழுதுக்குக் கெளம்புனவன் அடிவாரம் போயிருவான். அது மாதிரித்தான் இதுவும். பறந்து வந்தது பின்னால எழுதுனது. வாத்தியாருக்குத் தெரியும். அவரு வந்து கவுண்டருகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்'னு சொல்லுச்சுங்க."

அடிவாரத்துக்கு அந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதவள். அட்சரம் தெரியாதவள். எந்த முத்திரையையும் பார்க்காமல் தலைச்சுமைத் தடத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். பூகோளம் நடத்துகிற நான் உறையை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன்.

"வந்து சொல்றேன்னு சொல்லு" என்று அர்த்தனாரியை அனுப்பினேன்.

ஏன் போகவில்லை? இன்றைக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டு, பதிலைப் பார்த்து நானே முகம் சுளிக்கிறேன். ஊர் நடுவில் வாசித்தவன் நான், தப்பாக வாசித்துவிட்டேன் என்று அதே ஊர் நடுவில் சொல்ல வேண்டும். "தேதியப் பாக்காமயா படிச்சீங்க?" என்று எவனாவது கேட்பான். சிரிப்பார்கள். அவ்வளவுதான் காரணம். ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை ஒரு பக்கம், நாலு பேர் சிரிப்பு ஒரு பக்கம். நான் சிரிப்புக்குப் பயந்தேன். பள்ளிக்கூடக் கொட்டகைக்குக் கூரை வேய்ந்து கொடுப்பவர் கவுண்டர், அவரை முறைத்துக்கொள்ளலாமா என்று அதற்கு மேல் ஒரு பூச்சும் பூசிக்கொண்டேன். இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் அட்டை கடிக்கும் என்று தோன்றியது. நாலாம் நாள் எனக்கே காய்ச்சல் வருவதுபோல் இருந்தது, வரவில்லை. ஐந்தாம் நாள், இந்நேரம் அவர்களுக்கே புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் வரை இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் போனேன். அழைப்பு வந்திருந்தது, போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று போனேன்.

ஈரத் தாளில் கட்டிய உருவம் பற்றவில்லை. எண்ணெய் ஊற்றி ஊற்றிப் பார்த்தார்கள். கருப்புப் புகைதான் சுருண்டு சுருண்டு எழுந்தது. காளியண்ணன் இருமிக்கொண்டே சுற்றி வந்தான். இரண்டு பெண்கள் பெருமாயியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். அங்கேயும் அவள் கண் என்னைக் கண்டுபிடித்துவிட்டது.

"வாத்தியாரு வந்துட்டாருங்க!" என்று கத்தினாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க முடியாது. "கவுண்டருங்க, கொஞ்சம் பொறுங்க! அவரு சொல்லுவாருங்க! எது முந்தி எழுதுனதுன்னு அவருக்குத் தெரியுமுங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். கந்தப்பக் கவுண்டர் கையைக் காட்டிக் கூட்டத்தை அடக்கினார். "சொல்லுங்க வாத்தியாரே. எது கடைசிக் கடுதாசி?"

நான் சொன்னேன்: "கடைசியா வந்தது காளியண்ணன் கொண்டு போனதுதானுங்க."

பொய்யே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அதைச் சொல்லும்போதே அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கடைசியாக எழுதியது எது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாலியை இறக்கும்போது பெருமாயி கழுத்தைக் கூடத் திருப்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சாப்பாடு. உயிரோடு இருக்கிற ஒருவனுக்குச் சாவுச் சோறு. அவள் அறுத்த சாமை, அவள் வளர்த்த கோழி. "வாத்தியாருக்கு இன்னொரு துண்டு வைங்கப்பா" என்று காளியண்ணன் நின்று பரிமாறினான். கூட்டத்தில் கை நனைக்காமல் எழுந்தால் என்ன ஏது என்று கேட்பார்களே என்று உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். இரண்டாம் முறை குழம்பும் வாங்கிக்கொண்டேன். குழம்பு ருசியாக இருந்தது, அதுதான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. புகை நாற்றம் என் வேட்டியில் நாலைந்து நாள் போகவில்லை.

தை பிறந்து ஆறாம் நாள் சென்றாயன் மலையேறி வந்தான். மெலிந்திருந்தான், தலைமுடி கொட்டியிருந்தது, ஆனால் நல்ல திடமான ஆள். ஊர் எல்லையிலேயே தடுத்துவிட்டார்கள். அவனோடு சேர்ந்து விளையாடி வளர்ந்தவர்கள் கல்லைப் பொறுக்கிக்கொண்டு நின்றார்கள். கூடப் பிறந்த தம்பி காளியண்ணன், "எங்க அண்ணனை நான் என் கையால எரிச்சேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். கவுண்டர் தூரத்தில் நின்றுகொண்டே நியாயம் பேசினார்: இது யார் தப்பும் இல்லை, ஆகாயத்தில் காயிதம் பறந்ததால் வந்த வினை, அதற்காக வழக்கத்தை மாற்ற முடியாது. நிலம் கொடுத்தது கொடுத்ததுதான். பெருமாயி ஒரு மூட்டையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் புருஷன் பக்கம் வந்து நின்றாள். அவளை யாரும் தடுக்கவில்லை. தாலியறுத்தவள் எங்கே போனால் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

கீழே இறங்கும் வழியில் இருவரும் என் கொட்டகைக்கு வந்தார்கள். சென்றாயன் கோபமாகப் பேசவில்லை. "ராசாமணி முந்தியே ஒரு கடுதாசி போட்டிருந்தானாமுங்க. என்கிட்ட அப்புறந்தான் சொன்னான். அந்த உறை இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருப்பேன். அவள் கண் டிராயர் மேலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். விமான மைதானத்தில் வேலை செய்தவனுக்கு எண் தெரியும். முத்திரை மேல் விரல் வைத்து, "மூணு" என்றான். பிறகு அவளிடம் காட்டினான். "நல்லா தெரியுது பாரு, அழியவே இல்ல."

அவள் உறையைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினாள், ரொம்ப மெதுவாக.

"வாத்தியாரே, அன்னிக்குச் சொன்னீங்களே, சிங்கப்பூருக்கும் கல்கத்தாவுக்கும் எத்தன மைலுங்க?"

திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. வெட்கங்கெட்டவன், மறுபடியும் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். "ஆயிரத்து எண்ணூறு மைல்மா."

"அது வாரதுக்கு எத்தன நேரமுங்க?"

"பறக்கிற நேரம் மட்டும் பார்த்தால் பதினெட்டு மணிதான். நடுவில் பெரிய காடு, கடல் எல்லாம் தாண்ட வேண்டும். காற்று எதிர்த்து அடித்தால் இன்னும் கொஞ்சம்..."

"இந்த மேசையிலிருந்து எங்க ஊடு எத்தன மைலுங்க?"

சென்றாயன்தான், "மூணு இருக்கும்" என்றான்.

பெருமாயி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"மூணு மைலுங்க. நானும் தெனம் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தச் சேதி இன்னும் வந்து சேரலீங்களே."